‘பி.பி. நார்மல்தான்!’ – மண்ணீரல் காயமும் ஒரு கன்ட்ரோல் சிஸ்டம் பாடமும்

2025 அக்டோபர் 25, சிட்னி. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் போட்டி. ஹர்ஷித் ராணா போட்ட பந்தை அலெக்ஸ் கேரி தூக்கி அடிக்கிறார். ஷ்ரேயஸ் ஐயர் பின்பக்கமாக ஓடி, பாய்ந்து பிடிக்கிறார். பிரமாதமான கேட்ச். ஆனால் விழுந்தது இடது விலாப் பக்கம். அந்த மேட்சைப் பற்றி நம்ம ஹாஸ்டலில் யாரைக் கேட்டாலும் ரோஹித் 121 நாட் அவுட், கோலி 74 நாட் அவுட் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஐயர் விலாவைப் பிடித்துக்கொண்டு பிசியோவோடு வெளியே போனது பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது.

அன்றைக்கு முதலில் வந்த செய்தி ‘இடது விலாவில் அடி, பரிசோதனைக்காக மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்’ என்பதுதான். அக்டோபர் 27-ஆம் தேதி கிரிக்கெட் வாரியம் அடுத்த அறிக்கையை விட்டது. ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருப்பது தெரிந்தது என்றார்கள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, ஒரு சிறிய சிகிச்சையில் அதை நிறுத்தியாகிவிட்டது என்று பிறகு வந்த அறிக்கைகளில் சொன்னார்கள். நவம்பர் 1-ஆம் தேதி டிஸ்சார்ஜ். வெளியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, தோலில் பெரிய காயம் இல்லை. இருந்தும் ஒரு சர்வதேச வீரர், முப்பது வயதுக்காரர், ஐ.சி.யூ.வில் படுத்தார்.

இப்போது இதே விழுகையை எரியோட்டுக்கு மாற்றிப் பாருங்கள். கற்பனைதான், ஆனால் நீங்கள் பார்க்காத காட்சி ஒன்றும் இல்லை.

உங்கள் ரூம்மேட் சாயங்காலம் ஊரிலிருந்து வண்டியில் வருகிறான். எரியோடு தாண்டி, குறுக்கே ஒரு ஆடு. வேகம் நாற்பதுதான். பிரேக் பிடிக்கிறான், ரோட்டோர ஜல்லியில் சறுக்குகிறது. ஹேண்டில்பார் திரும்பி அதன் முனை இடது விலாவுக்குக் கீழே ஒரு குத்து. அவ்வளவுதான். எழுந்து நிற்கிறான். டீக்கடை அண்ணன் ஓடி வந்து, “தம்பி, அடி பட்டுச்சா? உக்காரு, சோடா குடி” என்கிறார். “ஒண்ணும் இல்லண்ணே” என்று பேன்ட்டைத் தட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பி ரூமுக்கு வந்துவிடுகிறான். முழங்கை சிராய்ப்புக்கு மருந்து போடுகிறீர்கள். ராத்திரி, “மாப்ள, இடது தோள்பட்டை வலிக்குதுடா” என்கிறான். விழுந்ததில் தோளில் அடியே படவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்? “வாயுப்பிடிப்பா இருக்கும், தைலம் தேய்ச்சுட்டுப் படு.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு பதிலை மாற்றுவதற்காக.

உள்ளே என்ன இருக்கிறது

மண்ணீரல் இடது பக்கம், 9, 10, 11-ஆம் விலா எலும்புகளுக்கு உள்ளே, உதரவிதானத்துக்கு அடியில், இரைப்பைக்குப் பின்னால் ஒட்டி இருக்கிறது. நீளம் பதினோரு, பன்னிரண்டு செ.மீ. எடை சுமார் 150 கிராம். நம் கை முஷ்டி அளவு. பழசாகிப்போன சிவப்பணுக்களைப் பொறுக்கி எடுப்பதும், ரத்தத்தில் ஓடும் கிருமிகளைப் பிடித்து அவற்றுக்கு எதிரான ஆயுதம் தயாரிப்பதும் இதன் வேலை. ஒரு ஃபில்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் என்றால் அதன் வழியாக நிறைய ஓட வேண்டும். இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. அதில் 5 சதவீதம் மண்ணீரலுக்கு. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 250 மி.லி., நம்ம கேன்டீன் கிளாஸில் ரெண்டரை டீ. இந்த முஷ்டி அளவு உறுப்பு உடைந்தால் ஏன் ஆள் போய்விடுகிறார் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

சதைப்பகுதி ஸ்பாஞ்ச் மாதிரி, ரத்தம் ஊறியது. அதைச் சுற்றி ஒன்றிரண்டு மி.மீ. தடிமனில் ஒரு உறை. தசை மாதிரி நசுங்கிக் கொடுக்கிற குணம் இதற்குக் கிடையாது. உடைகிற விதம் இரண்டு. ஒன்று நேரடி அழுத்தம்: ஹேண்டில்பார், மாட்டின் நெற்றி, ஸ்டீயரிங், கபடியில் ஒரு முழங்கால், எதுவாக இருந்தாலும் விலாவை உள்ளே தள்ள, மண்ணீரல் விலாவுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சில சமயம் முறிந்த விலா எலும்பே குத்திவிடும். இரண்டாவது, திடீர் வேகக் குறைவு: உடம்பு நின்றுவிடும், உள்ளே தசைநார்களில் தொங்குகிற 150 கிராம் நிற்காது. பஸ் பிரேக் போடும்போது நாம் முன்னால் போகிற மாதிரி அது போய், பிடித்துவைத்திருக்கிற இடத்தில் கிழியும்.

வேகம் நாற்பதுதானே என்று நினைக்காதீர்கள். மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11.1 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 2g-யால் வகுத்தால் 6.3 மீட்டர். அதாவது ரெண்டாவது மாடியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் நேரத்தில் இருக்கிற வேகம். அறுபதில் போனால் 14 மீட்டருக்கு மேல். எல்லாச் சக்தியும் உடம்பில் இறங்காது, உருண்டு, சறுக்கி நிறைய வீணாகும், உண்மைதான். ஆனால் ஹேண்டில்பார் முனையின் பரப்பு ஏழெட்டுச் சதுர செ.மீ.தான். மிச்சம் இருக்கிற விசை முழுவதும் அந்தச் சின்ன வட்டத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை முதல் வருஷ மெக்கானிக்ஸே சொல்லிவிடும்.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. கொசவபட்டி, தவசிமடை ஜல்லிக்கட்டுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கொம்பு குத்தி ரத்தம் வந்தால் எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நெற்றியால் முட்டித் தூக்கிப் போட்டால், எழுந்து நின்று கையை ஆட்டிக் காட்டினால் விசில் அடிப்பார்கள். இரண்டாமவரைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்ப்பேன்.

வீங்கிய மண்ணீரல்

ஒரு சின்னக் கிளைக்கதை. மெல்லிய சுவர் கொண்ட கோளத்தில் சுவரின் தகைவு என்பது அழுத்தம் × ஆரம் ÷ (2 × தடிமன்). ஆரம் கூடி, தடிமன் குறைந்தால் தகைவு ஏறும். மண்ணீரல் அச்சு அசல் கோளம் இல்லைதான், ஆனாலும் மலேரியாவிலோ வேறு சில காய்ச்சல்களிலோ அது வீங்கும்போது இதே போக்கில் பலவீனமாகிறது. விலா எலும்பின் பாதுகாப்பையும் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அப்போது லேசான அடியே போதும்.

இந்த மருத்துவ உண்மை ஒரு காலத்தில் கொலைக்குச் சாக்காகப் பயன்பட்டிருக்கிறது. 1876-இல் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல், வண்டி வரத் தாமதமானதற்காகத் தன் குதிரைக்காரர் கட்வாருவை அடித்தார். அவர் மண்ணீரல் வெடித்து இறந்துபோனார். ஏற்கெனவே நோயால் வீங்கிய மண்ணீரல், சின்ன அடிக்கே உடைந்திருக்கும் என்று மருத்துவச் சாட்சி வந்தது. மாஜிஸ்திரேட் லீட்ஸ் விதித்த தண்டனை 30 ரூபாய் அபராதம். வைஸ்ராய் லிட்டனே இதைக் கண்டித்து எழுத வேண்டி வந்தது. கட்வாருவுக்கு அது என்ன பயன்?

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: சமீபத்தில் மலேரியா, டைபாய்டு மாதிரி காய்ச்சல் வந்து, டாக்டர் ‘மண்ணீரல் கொஞ்சம் பெரிசா இருக்கு’ என்று சொல்லியிருந்தால், இன்டர் டிபார்ட்மென்ட் கபடிக்கு இறங்காதீர்கள்.

தொட்டியும் மோட்டாரும்

இனி வருவதுதான் பாடத்தின் நடுப்பகுதி. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

உங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி. ஆட்டோமேட்டிக் லெவல் கன்ட்ரோலர் போட்டிருக்கிறது. மட்டம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் நிற்கும். இப்போது தொட்டியில் ஒரு விரிசல். தண்ணீர் கசிகிறது. நீங்கள் மாடிக்கு ஏறி மூடியைத் திறந்து பார்க்கிறீர்கள். மட்டம் சரியாகவே இருக்கும்! ஏனென்றால் மோட்டார் விட்டு விட்டு ஓடி ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. மட்டத்தைப் பார்த்தால் கசிவு தெரியாது. மோட்டார் எத்தனை தடவை ஓடுகிறது என்று பார்த்தால் தெரியும். கிணறு வற்றி, மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் மட்டம் விழும். விழும்போது மடமடவென்று விழும்.

ரத்த அழுத்தம்தான் அந்த மட்டம். கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனி வளைவிலும் அழுத்த சென்சார்கள் இருக்கின்றன. அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் மூளைத்தண்டுக்குச் செய்தி போகும். அங்கிருந்து இரண்டு உத்தரவு: இதயமே, வேகமாக அடி. கை, கால், தோலில் இருக்கிற ரத்தக் குழாய்களே, சுருங்குங்கள். இதனால் அழுத்தம் பழைய இடத்துக்கே வந்துவிடும். நெகட்டிவ் ஃபீட்பேக், நாம் நாலாவது செமஸ்டரில் படித்த அதே சமாச்சாரம். ஃபீட்பேக் நன்றாக வேலை செய்கிற வரைக்கும் அவுட்புட்டைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. ஆக்சுவேட்டர் எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

எண்களில் சொன்னால் இன்னும் உறைக்கும். 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். விபத்து சிகிச்சைப் பாடத்தில் இழப்பை நாலு படியாகப் பிரிக்கிறார்கள். முதல் 750 மி.லி. வரை வெளியில் எதுவுமே தெரியாது. 750-லிருந்து 1500 வரை நாடித்துடிப்பு நூறைத் தாண்டும், கை சில்லிடும், ஆனால் படுத்திருக்கும்போது பி.பி. இன்னும் நார்மல். 1500-ஐத் தாண்டிய பிறகுதான் பி.பி. சரிய ஆரம்பிக்கும். 2000-க்கு மேல் உயிருக்குப் போராட்டம். அதாவது மீட்டரில் பி.பி. குறைகிற நேரத்துக்குள் ஒரு பெரிய வாட்டர் பாட்டில் ரத்தம் வயிற்றுக்குள் கொட்டியிருக்கும்.

வாலிப வயதுக்காரர்களிடம் இது இன்னும் மோசம். நம் இதயமும் ரத்தக் குழாயும் புதுசு, ஈடுகட்டும் திறன் ஜாஸ்தி. கடைசி வரை சமாளித்து, கடைசியில் ஒரேயடியாகச் சரியும். அத்லெட்டாக இருந்தால் வழக்கமான துடிப்பே 55 இருக்கும். அவனுக்கு 90 என்பது நார்மல் அல்ல, பதறுகிற துடிப்பு. இன்னொரு பக்கம், ரத்தம் போகும்போதும் சிலருக்கு நாடி ஏறவே ஏறாது. ஆகவே ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள். போக்கைப் பாருங்கள்.

போக்கைப் பார்க்க ஒரு எளிய வகுத்தல் இருக்கிறது. நாடித்துடிப்பை மேல் பி.பி.யால் வகுங்கள். இதற்கு ஷாக் இண்டெக்ஸ் என்று பெயர். சும்மா இருக்கும்போது 0.5-லிருந்து 0.7 வரை வரும். 0.9-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. உங்கள் ரூம்மேட்டுக்கு ஏழரை மணிக்கு நாடி 84, பி.பி. 120 என்று வைத்துக்கொள்வோம்: 0.7. எட்டரைக்கு 104, 118: 0.88. ஒன்பதே காலுக்கு 118, 112: 1.05. மூன்று முறையும் ‘பி.பி. நார்மல்தான்’ என்று ஒருவர் சொல்லியிருக்கலாம், பொய்யும் இல்லை. ஆனால் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

தோள்பட்டை ஏன் வலிக்கிறது? மண்ணீரலிலிருந்து கசிந்த ரத்தம் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்தில் மூன்று, நாலு, ஐந்தாம் தண்டுவட நரம்புகளிலிருந்து வருகிறது. தோள்பட்டைத் தோலின் நரம்பும் அதே பகுதியிலிருந்துதான். ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இரண்டு வயர். மூளை குழம்பி, தோள் வலிப்பதாகச் சொல்கிறது. ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹான்ஸ் கேர் பெயரால் இதைக் கேர் அறிகுறி என்பார்கள். படுத்தால் வலி கூடும், ஏனென்றால் ரத்தம் மேல்பக்கம் ஓடி வரும். எல்லோருக்கும் வராது. வந்தால் அது வாயு இல்லை.

இன்னொரு தந்திரமும் மண்ணீரலுக்கு உண்டு. உள்ளே சதை கிழிந்து, உறை கிழியாமல் இருக்கலாம். ரத்தம் உறைக்குள்ளேயே தேங்கி வீங்கும். மணிக்கணக்கில், சிலருக்கு நாட்கணக்கில் கழித்து உறை வெடிக்கும். ‘விழுந்து நாலு நாள் ஆச்சு, இப்ப எதுக்கு மயக்கம் வருது?’ என்று கேட்டால், அந்த நாலு நாளுக்கு முந்தைய விழுகையை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நாமாகச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்

முதலில் மூச்சு, நாடி, நினைவு. கையில் பெரிய ஊசி, ரத்தப் பிரிவு பார்க்க சாம்பிள். அடுத்து படுக்கையிலேயே ஒரு அல்ட்ராசவுண்ட், ஃபாஸ்ட் என்று சொல்வார்கள். நாலு இடம் பார்ப்பார்கள்: இதயத்தைச் சுற்றி, கல்லீரலுக்குப் பக்கம், மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில். ரத்தம் இருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். இரண்டு மூன்று நிமிட வேலை. ஆனால் சில நூறு மி.லி. சேர்ந்தால்தான் இது காட்டும். உறைக்குள்ளேயே தேங்கியிருந்தால் காட்டாமலும் போகலாம். ஆக, ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல’ என்ற முதல் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு ஓடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மறுபடி பார்ப்பார்கள், அல்லது சாயம் ஏற்றி சி.டி. எடுப்பார்கள். ரத்தம் இப்போது எங்கே பீறிடுகிறது என்பதுகூட அதில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

சி.டி.யை வைத்துக் காயத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை கிரேடு கொடுக்கிறார்கள். அமெரிக்க விபத்து அறுவை மருத்துவர் சங்கத்தின் அளவுகோல் இது. 2018-இல் திருத்தினார்கள். ஒரு செ.மீ.க்குக் குறைவான கிழிசல் கிரேடு ஒன்று, மூன்று செ.மீ. வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. ரத்தக் குழாய் பாதித்து, கசிவு உறைக்குள் அடங்கியிருந்தால் நாலு. சிதறிப்போயிருந்தாலோ, ரத்தம் உறையைத் தாண்டி வயிற்றுக்குள் பீறிட்டாலோ ஐந்து.

நாம் எல்லோரும் மார்க் பார்த்தே வளர்ந்தவர்கள். கிரேடு ஐந்து என்றால் ஆபரேஷன், கிரேடு இரண்டு என்றால் மாத்திரை என்று நினைத்துவிடுவோம். அப்படி இல்லை. டாக்டர் முதலில் கேட்கிற கேள்வி ஆள் நிலையாக இருக்கிறாரா என்பது. ரத்தம் ஏற்றியும் நாடி அடங்கவில்லை, பி.பி. நிற்கவில்லை, ஃபாஸ்டில் ரத்தம் தெரிகிறது என்றால் சி.டி. அறைக்கே கொண்டு போகாமல் நேராகத் தியேட்டர். வயிற்றைத் திறந்து, பெரும்பாலும் மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். அந்த நிமிடத்தில் அதுதான் உயிர் காக்கும் முடிவு, யோசிக்க ஒன்றும் இல்லை. ஆள் நிலையாக இருந்தால், கிரேடு மூன்றானாலும் நாலானாலும், கத்தி இல்லாமல் பார்த்துக்கொள்ளவே முயல்வார்கள். படுக்கை ஓய்வு, சில மணிக்கொரு முறை ஹீமோகுளோபின், நாடி, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதுமாகிறது. சும்மா படுக்கப் போட்டிருக்கிறார்கள் என்று வெளியில் உட்கார்ந்திருக்கிற மாமா கோபப்படுவார். சும்மா இல்லை, போக்கைப் பார்க்கிறார்கள். எந்த நிமிடமும் தியேட்டருக்குத் தூக்கத் தயாராகப் பார்க்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு, மண்ணீரல் தமனி வரை கொண்டுபோய், சின்ன உலோகச் சுருளோ ஜெலட்டின் துண்டோ வைத்து அடைப்பது. எம்பொலைசேஷன். ஐயருக்குச் செய்ததும் இந்த வகைதான் என்று செய்திகள் வந்தன. நம் பாஷையில் திராட்டில் வால்வு. பெரிய தமனியில் ஓட்டத்தைக் குறைத்தால் கிழிந்த இடத்தில் அழுத்தம் இறங்கும், ரத்தம் உறையும். இரைப்பைப் பக்கத்திலிருந்து வரும் சின்னத் தமனிகள் மண்ணீரலுக்கு வேண்டிய ரத்தத்தைக் கொடுத்து உயிரோடு வைத்திருக்கும். அழகான பொறியியல். ஆனால் அந்த வசதியும் ஆளும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது.

டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மலிவான மருந்து ஒன்றையும் குறித்து வையுங்கள். ரத்தக்கட்டி கரையாமல் பிடித்து வைக்கும். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு 2010-இல் வெளியானது. அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் இறப்பு குறைகிறது. மூன்று மணி தாண்டினால் பலன் இல்லை, கெடுதலே நேரலாம். ‘காலையில போய்க்கலாம்’ என்கிற நம் வழக்கமான வசனத்துக்கு இந்த மூன்று மணி நேரம் பொருந்தாது.

ஏன் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டும்?

முன்பெல்லாம் யாரும் பாடுபடவில்லை. மண்ணீரல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கிழிந்தால் தானாக ஆறாது, எடுத்துவிடு என்பதுதான் பாடம். 1952-இல் அமெரிக்காவில் கிங், ஷூமேக்கர் என்ற இருவர், மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளுக்குக் கடுமையான தொற்று வந்ததை எழுதினார்கள். ஃபில்டர் போனதன் விலை அப்போதுதான் தெரிந்தது.

அது தானாக ஆறும் என்பதை உலகத்துக்குச் சொன்னதில் ஒரு இந்தியருக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் பி. உபாத்யாயா. டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் சிம்ப்சனோடு சேர்ந்து, மண்ணீரல் அடிபட்ட குழந்தைகளின் அனுபவத்தை 1968-இல் வெளியிட்டார். பல குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாமலே ரத்தம் நின்றிருந்தது. டெல்லி எய்ம்ஸில் குரங்குகளை வைத்து மண்ணீரல் எப்படி ஆறுகிறது என்ற சோதனையும் செய்தார். பெரியவர்களைப் பார்க்கும் அறுவை மருத்துவர்கள் இதை ஏற்க ரொம்ப வருஷம் எடுத்துக்கொண்டார்கள். ஐயர் வயிற்றில் தையல் இல்லாமல் வீடு திரும்பியதற்கான பாதை அந்தக் குழந்தைகள் வார்டில்தான் ஆரம்பிக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் இவர் பெயர் இல்லாதது எனக்கு வருத்தம்.

எடுத்தே ஆக வேண்டி வந்தவர்கள் பயப்பட வேண்டாம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். ஆனால் ஆயுளுக்கும் இரண்டு விஷயம். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்ற மூன்று கிருமிகளுக்கான தடுப்பூசிகள், அவசர ஆபரேஷன் என்றால் வழக்கமாக இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள். டிஸ்சார்ஜ் பேப்பரில் எழுதியிருந்தும் போடாமல் விடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. ‘எனக்கு மண்ணீரல் இல்லை’ என்பதுதான் டாக்டரிடம் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். நாய்க்கடியும் இவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து அதிகம்.

எரியோட்டு ரோட்டுக்குத் திரும்புவோம்

அடி பட்ட இடத்திலேயே ஆரம்பிக்கலாம். இடது விலா, மேல்வயிறு, இடது தோள் வலி. எழுந்தால் தலைசுற்றல். வியர்த்து, கை சில்லிட்டு, தாகம் எடுப்பது. காரணம் இல்லாத பதற்றம். இதில் எது இருந்தாலும் 108. தோலில் காயம் இல்லாததை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனை வண்டி ஓட்ட விடாதீர்கள், பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவதும் வேண்டாம், ஒவ்வொரு குழியும் ஒரு குத்து. படுக்க வையுங்கள், போர்த்துங்கள். சோடா, டீ, பன் எதுவும் வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். வயிறு தடவி விடுவது, சுளுக்கு எடுப்பது, தைலம் போட்டு அழுத்துவது கூடவே கூடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையும் வேண்டாம். அவற்றில் பல ரத்தம் உறைவதைத் தடுக்கும், வலியையும் மறைத்துவிடும்.

எரியோட்டிலிருந்து வேடசந்தூரும் வடமதுரையும் பக்கம். ஆனால் சி.டி.யும் அறுவை அரங்கும் ரத்த வங்கியும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் இருபது கி.மீ.க்கு மேல் போய்த் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கு மேல் என்றால் மதுரை. எங்கே போவது என்பதை 108 ஊழியர்களிடம் விடுங்கள், ஆனால் ‘வயிற்றில் அடி, ஹேண்டில்பார் குத்தியது’ என்பதை வாய் திறந்து சொல்லுங்கள். முழங்கைச் சிராய்ப்பைக் காட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

காசு, போலீஸ் என்ற இரண்டு பயமும் நமக்கு உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது, தனியாரையும் சேர்த்து. போலீஸ் விஷயத்தில், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குப் போடாமல் பாதுகாக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. டீக்கடை அண்ணனிடமும் இதைச் சொல்லி வையுங்கள், அவர்தான் நம்மைவிட அதிகம் விபத்து பார்க்கிறவர்.

ஆபரேஷன் இல்லாமல் தேறியவன் ரெண்டே வாரத்தில் ‘நல்லாயிட்டேன்’ என்று கிரவுண்டுக்கு வருவான். மேலே தோல் மாதிரி இல்லை, உள்ளே கிழிந்தது ஆற நாளாகும். கபடி, ஃபுட்பால், ஜிம்மில் கனம் தூக்குவது எல்லாம் டாக்டர் சொல்கிற வரை இல்லை. பொதுவாக ரெண்டு மூன்று மாதம். பைக்கும் அதில் சேர்த்தி.

ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும், உள்ளே ஏறிய பிறகும், உங்களால் செய்ய முடிகிற ஒரு வேலை இருக்கிறது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து, மொபைலில் முப்பது செகண்ட் பார்த்து எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். ஒரு தாளில் எழுதுங்கள், நோட்டின் கடைசிப் பக்கமானாலும் சரி. இப்படி:

மாலை 6.50 – பைக்கிலிருந்து விழுந்தான், இடது விலாவில் ஹேண்டில்பார் குத்து.
7.05 – நாடி 84. வலி இருக்கிறது, நடக்கிறான்.
7.20 – நாடி 96. கை சில்லென்று இருக்கிறது. இடது தோள் வலி.
7.30 – நாடி 106. தண்ணீர் கேட்கிறான், கொடுக்கவில்லை.
மருந்து அலர்ஜி எதுவும் இல்லை. போன மாதம் காய்ச்சல். கடைசியாகச் சாப்பிட்டது மதியம் 1 மணி.

கேஷுவாலிட்டியில் டாக்டர் கையில் அதைக் கொடுங்கள். யாராவது பி.பி. பார்த்துவிட்டு “நார்மல்தான்” என்று சொன்னால், அந்த எண்ணையும் நேரம் போட்டு அதிலேயே எழுதிக் காட்டுங்கள்.